சுவரில் வசை, முன்னே பள்ளிக்கூடம்

வெள்ளைக் கவுன், வெள்ளை ஷூ, தலையில் வெள்ளை ரிப்பன். கையில் நோட்டும் ஸ்கேலும். ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி நிமிர்ந்து நடக்கிறாள். முன்னால் இருவர், பின்னால் இருவர் எனக் காவல் அதிகாரிகள் நான்கு பேர். சுவரில் கறுப்பினத்தாரை இழிவுபடுத்தும் சொல். யாரோ எறிந்த தக்காளி சுவரில் பட்டுச் சிதறிக் கிடக்கிறது.

அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்த இந்த ஓவியம், 1964 ஜனவரி 14 தேதியிட்ட 'லுக்' இதழில் வெளிவந்தது. 'நாம் எல்லோரும் சுமக்கும் பிரச்சினை' என்பது அதன் தலைப்பின் பொருள்.

நடந்தது 1960 நவம்பர் 14-ல். நியூ ஆர்லியன்ஸ் நகரின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளி அதுவரை வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. நீதிமன்ற உத்தரவின்படி அங்கே சேர்ந்த முதல் கறுப்பின மாணவி ரூபி பிரிட்ஜஸ். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்குப் பாடம் நடத்த முன்வந்தவர் பார்பரா ஹென்றி என்ற வெள்ளையின ஆசிரியை. ஓராண்டு முழுக்க ஒரு வகுப்பறை, ஓர் ஆசிரியை, ஒரே மாணவி. தந்தைக்கு வேலை போனது. குத்தகை நிலத்தில் உழைத்துவந்த தாத்தா, பாட்டி வெளியேற்றப்பட்டார்கள். ஆனாலும் ரூபி பள்ளிக்குப் போவது நிற்கவில்லை.

இந்தக் கதை நமக்கு அந்நியமானதல்ல. வீட்டிலிருந்து கோணிச் சாக்கு கொண்டுபோய்த் தனியே உட்கார்ந்து படித்தவர் அம்பேத்கர். பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் அவருக்குத் தண்ணீர். இன்றும் சாதிப் பெயரால் குத்திக் காட்டப்பட்டு, 'இனி பள்ளிக்கூடமே வேண்டாம்' என்று நினைக்கும் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய ஓவியம் இது.

உற்றுப் பாருங்கள். அதிகாரிகளின் தலைகள் ஓவியத்தில் இல்லை. தோளோடு சட்டம் முடிகிறது. முகம் இருப்பது சிறுமிக்கு மட்டும்தான். கல்லெறியத் துணிந்த கூட்டத்துக்கும் ராக்வெல் இடம் தரவில்லை. நாம் நிற்பதுதான் அந்தக் கூட்டம் நின்ற இடம். நாம் யார் பக்கம் என்று ஓவியம் நம்மையே கேட்கிறது.

சிதறிய தக்காளி அவளுக்குப் பின்னால் கிடக்கிறது. அவள் பார்வை முன்னால் இருக்கிறது. இது வெறும் ஆறுதல் அல்ல. துணைக்குக் காவலர்கள் வந்ததால் அவள் துணிவு குறைந்துவிடவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்து நம் கையில் இருக்கிறது. அவமானம் நேர்ந்தால் புகார் கொடுப்பது கோழைத்தனம் அல்ல. படிப்பை விடாமலிருக்க அதுவும் ஒரு வழி.

2011-ல் இதே ஓவியம் வெள்ளை மாளிகையில் மாட்டப்பட்டது. அதன் முன்னே அதிபர் ஒபாமாவுடன் நின்று பார்த்தார் ஐம்பது வயதைக் கடந்த ரூபி. அடுத்த கல்வியாண்டிலேயே அவரது வகுப்பில் மற்ற பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.