பருத்தி மாரை நெருப்பிலிடலாமா?

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டில் பருத்தியின் கடைசி எடுப்பு முடிந்த சில தினங்களுக்குள், மாலை வேளையில் அவ்வழியே செல்பவர் ஒரு காட்சியைக் காணத் தவறார். பிடுங்கிய மாரை வரப்போரத்தில் குவித்துக் குடியானவர்கள் தீயிட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த உழவுக்கு நிலம் சுத்தமாயிற்று என்ற திருப்தியுடன் வீடு திரும்புவார்கள். அந்தப் புகையில் போவது என்னவென்று மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் சற்று ஆலோசிக்கவேண்டும்.

நமது கரிசல் மண்ணில் சுண்ணாம்புச் சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் பொதுவாகக் குறைவில்லை. குறைந்திருப்பவை தழைச்சத்தும் மக்கிய பொருளுமே. மாரை எரித்தால் தழைச்சத்தும், மக்காக மாறக்கூடிய பாகமும் புகையாய்ப் போய்விடுகின்றன. மிஞ்சும் சாம்பலில் இருப்பவை சாம்பல் சத்தும் சுண்ணாம்பும். அதாவது நிலத்தில் இல்லாததைக் காற்றில் விட்டுவிட்டு, இருப்பதையே மறுபடியும் நிலத்துக்குக் கொடுக்கிறோம். மானாவாரிப் பருத்திக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு எரு இடவேண்டுமென்பது சிபாரிசு. மாடு குறைந்து டிராக்டர் பெருகிய இக்காலத்தில் அவ்வளவு எருவுக்கு எங்கே போவது என்று குடியானவர்கள் கேட்பது நியாயமே.

முற்காலத்தில் மார் வீணானதில்லை. அடுப்புக்கு அதுவே விறகு. மார் எரிந்த வீட்டில் சாணத்தை வரட்டியாக்காமல் நிலத்துக்கு விட முடிந்தது. இப்போது சமையல் எரிவாயு வந்துவிட்டபடியால் மார் சுமக்க வருவோர் குறைந்துவிட்டனர். எந்த வீட்டிலேனும் இன்னும் வரட்டி எரிகிறதாயின், அங்கே மாரை அடுப்புக்கும் சாணத்தை எருக்குழிக்கும் மாற்றுவதே முதல் வேலை. மற்றவர்கள் மாரையே எருவாக்கலாம்.

இதற்கு நமக்கு வழிகாட்டி இந்தூர். அதுவும் நம்முடையதைப்போன்ற கரிசல் பூமி, பருத்திச் சீமை. 1924-ல் அங்கே ஏற்பட்ட பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயரும், யஷ்வந்த் வாட் என்ற இந்தியரும், சீன தேசத்துக் குடியானவர்கள் எரு செய்யும் வழக்கத்தையும் மனத்திற்கொண்டு ஒரு முறையை வகுத்து, 1931-ல் அதை நூலாக வெளியிட்டனர். அவர்களுக்கும் பெரிய தொல்லை கொடுத்தது பருத்தி மார்தான். கட்டையாகிய அது எளிதில் மக்காது. அதைப் பண்ணை வண்டிப்பாதையில் பரப்பி, சக்கரங்களால் நசுங்கச் செய்து, பின்பு மாட்டுக்குப் படுக்கையாக இட்டு மூத்திரத்தில் ஊறவைத்தே குவியலில் சேர்த்தனர்.

இந்த ஒரு விஷயத்தை அலட்சியம் செய்து நான் அவமானப்பட்டிருக்கிறேன். உத்தியோகத்துக்கு வந்த புதிதில் ஒரு கிராமத்தில் முழு மாரை அப்படியே குழியில் அடுக்கிச் சாணமும் மண்ணும் போட்டு மூடிவைத்தேன். மூன்று மாதம் கழித்து ஊரார் முன்னிலையில் திறந்தால், போட்ட மார் போட்டபடி இருந்தது. கறையான் மாத்திரம் புதிதாகச் சேர்ந்திருந்தது. "ஐயா, விறகைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறீர்கள்" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னதில் பிழையில்லை.

ஆகவே, கடைசி எடுப்பு முடிந்ததும் முதலில் ஆட்டுக்கிடையை நிலத்தில் விடுக. ஆடுகள் இலையையும் எஞ்சிய காயையும் தின்றுவிடும். காயில் ஒளிந்திருக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அதனோடு தொலையும். வெடிக்காமல் நின்ற காய்களைப் பறித்து அழித்துவிட்டு, மாரைப் பிடுங்கித் தாமதியாமல் நசுக்கவேண்டும். டிராக்டரில் பூட்டும் தூளாக்கும் இயந்திரத்தை நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு அமர்த்தலாம். இல்லாதவர் தம் களத்திலோ வண்டித்தடத்திலோ பரப்பலாம். பொதுச் சாலையில் பரப்புவது வேண்டாம். வழிப்போக்கருக்கு அபாயம், வாகனத்தின் அடியில் சிக்கினால் தீயும் பிடிக்கும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதைக் கண்டித்துத் தடுக்கவேண்டும். மாரை வரப்பில் அடுத்த பருவம்வரை அடுக்கிவைப்பதும் புழுவுக்கு வீடு கொடுப்பதேயாகும். 1919-ம் வருஷத்துச் சென்னை மாகாணப் பூச்சி நோய்ச் சட்டத்தை அனுசரித்து, கோயமுத்தூர்ப் பகுதியில் கம்போடியாப் பருத்தியைக் கெடுவுக்குள் பிடுங்கிவிடச் செய்ததும் இந்தப் பயத்தினால்தான்.

நசுங்கிய மாரை ஆனி, ஆடியில் தொழுவத்தில் பரப்பிவைத்து, புரட்டாசி மழை தொடங்கியபின் குவியல் போடலாம். நமக்குத் தண்ணீர்ப் பஞ்சம். கோடையில் ஆரம்பித்தால் நனைக்க வழியில்லை. ஆனால் மழைக்காலத்தில் குழி உதவாது, கரிசலில் நீர் வடியாமையால் குழி சேறாகிவிடும். மேட்டில் 8 அடிச் சதுரம், 2 அடி உயரமாகக் குவித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் சாணக் கரைசலும், மூத்திரம் ஊறிய தொழுவத்து மண்ணும், சிறிது சாம்பலும் இடுக. உள்ளே கை பொறாத சூடு எழும்பவேண்டும். மூன்று முறை புரட்டினால் சுமார் மூன்று மாதத்தில் எரு தயாராகும்.

மார் மாத்திரமன்று. விதைப்பருத்தியில் பஞ்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே, மற்றது கொட்டை. பஞ்சு பெரும்பாலும் காற்றாலும் நீராலும் ஆனது, நிலத்தின் சத்தை அதிகம் கொண்டுபோவதில்லை. சத்து போவது கொட்டையில். அது அரைவை ஆலைக்கும் எண்ணெய் ஆலைக்கும் சென்றபின் பிண்ணாக்காக நம் மாட்டுக்குத் திரும்பினாலன்றிக் கணக்கு நேராகாது. நூற்பாலையில் பஞ்சைச் சுத்தம் செய்கையில் உதிரும் தூசியைச் சாணத்தோடு சேர்த்து மக்கவிடலாம். அதிலிருந்து எரிவாயு எடுக்கும் வழியையும், மாரிலிருந்து பலகை செய்யும் வழியையும் பம்பாயில் 1924-ல் தோன்றிய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் கண்டிருக்கிறார்கள். பலகைக்கென்று மாரை விலைக்குக் கேட்டு வருவோருக்கு விற்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு எருவாகவோ கிடைக்கூலியாகவோ அதே நிலத்துக்குத் திரும்பவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பருத்தி ஏற்றிச் சென்ற வண்டி திரும்பும்போது வெறுமனே வராமல் பிண்ணாக்கும் தூசியும் ஏற்றி வரலாமே. இதற்கு ஆலைக்காரரிடம் பேசவேண்டியவர்கள் பெரிய நிலக்காரர்களே. தனிக் குடியானவன் கேட்டால் ஆலை வாசலில் காவற்காரனோடு பேச்சு முடிந்துவிடும்.