பறக்க மறுக்கும் யந்திரமும் காரணம் கூறும் திரையும்

நான்கு மோட்டார்கள் பூட்டிய சிறு டிரோன்களைத் தம் கையாலேயே கூட்டி அமைக்கும் மாணவர்களையும் இளைஞர்களையும் இன்று நம் நாட்டின் பல பகுதிகளிலும் காண்கிறோம். முழுமையாகச் செய்து முடித்த டிரோன்களை வெளிநாட்டினின்று தருவிப்பதை, ஆராய்ச்சி, பாதுகாப்பு முதலிய சில தேவைகள் நீங்கலாக, மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்தது. உதிரி உறுப்புக்களுக்கு அத்தடை விதிக்கப்படவில்லை. ஆதலின் சட்டகம், மோட்டார், மின்கலம், கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தும் வழி திறந்தே இருந்தது.

திருப்புளியும் பற்றுக்கோலும் கொண்டு செய்யும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அதன்பின் எஞ்சும் வேலையே புதியவரைத் திகைக்க வைப்பது. தீப்பெட்டியினும் பெரிதல்லாத கட்டுப்பாட்டுப் பலகையில் கைரோ என்னும் உணர்கருவியும் ஒரு சிறு கணிப்பொறியும் உள்ளன. யந்திரம் எப்பக்கம் சாய்கிறதென்பதை அப்பலகை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அறிந்து, நான்கு மோட்டார்களின் வேகத்தையும் திருத்துகிறது. ஆயினும் எந்த மோட்டார் எந்த மூலையில் இருக்கிறது, தான் எத்திசை நோக்கிப் பொருத்தப்பட்டிருக்கிறது, ரிஸீவர் எந்த முனையில் இணைந்திருக்கிறது என்பவற்றை அது தானாக அறியாது. நாமே அதற்குக் கற்பிக்க வேண்டும். இதற்கென மேசைக் கணிப்பொறியில் இயங்கும் அமைப்பு மென்பொருள் எவ்வாறு படிப்படியாக எளிமையுற்றது என்பதை இங்குக் காண்போம்.

பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் துபூ என்பவர் 2010-ஆம் ஆண்டளவில் தொடங்கிய மல்ட்டிவீ, இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. வீ என்ற விளையாட்டுக் கருவியின் கைப்பிடியுடன் பொருத்தும் துணைக்கருவியிலிருந்த கைரோவை எடுத்து, அர்டுயினோ பலகையுடன் இணைத்துப் பறக்கச் செய்ததால் அதற்கு அப்பெயர் வந்தது. அந்நாளில் தம் யந்திரம் நான்கு மோட்டார் உடையதா, மூன்று உடையதா என்று சொல்வதற்கே நிரலின் மூலப் பிரதியைத் திறக்க வேண்டும். அங்கே உரிய வரியின் முன்னுள்ள இரண்டு சாய்கோடுகளை நீக்கி, நிரல் முழுவதையும் மீண்டும் தொகுத்துப் பலகையில் ஏற்ற வேண்டும். சாய்கோட்டைத் தவறான வரியில் நீக்கியவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. நிரல் எழுதத் தெரிந்தவர் தமக்காகவே செய்துகொண்ட ஏற்பாடு அது. அதனைக் குறை கூறுவது நியாயமாகாது.

பின்னர் 32 பிட் செயலிகள் வந்தன. பேஸ்ஃபிளைட், 2014-இல் கிளீன்ஃபிளைட், 2015 முதல் பீட்டாஃபிளைட் என நிரல்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தன. இவற்றுடன் குரோம் உலாவியில் இயங்கும் அமைப்புச் சாளரம் ஒன்றும் உருவாயிற்று. அதன் முதற்பக்கத்தில் யந்திரத்தின் முப்பரிமாணப் படம் தோன்றும். கையிலுள்ள பலகையைச் சாய்த்தால் படமும் உடனே சாயும். முன்புறமாகச் சாய்க்கும்போது படம் பக்கவாட்டில் சாய்ந்தால், பலகை 90 பாகை திரும்பிப் பொருத்தப்பட்டிருப்பது எவர் சொல்லாமலும் விளங்கிவிடும். இத்துறையில் செய்யப்பட்ட சீர்திருத்தங்களுள் இதுவே மிகச் சிறந்தது என்பது என் கருத்து.

மற்றப் பக்கங்கள் அவ்வளவு தெளிவாக அமையவில்லை. அவை உபயோகிப்போரின் வேலையைப் பின்பற்றாமல், பலகையின் உள்ளமைப்பைப் பின்பற்றியே வகுக்கப்பட்டிருந்தன. ரிஸீவரை இணைத்த மாணவன் அறிய விரும்புவது ஒன்றே: ‘நான் கைப்பிடியை அசைத்தால் யந்திரத்திற்குத் தெரிகிறதா?’ அதற்கு விடை காண, இணைப்பு முனைகளின் பக்கத்தில் ஒரு பொத்தானையும், பொது அமைப்புப் பக்கத்தில் ரிஸீவரின் வகையையும் தெரிந்தெடுத்து, மூன்றாவதொரு பக்கத்தில் பட்டைகள் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தது. பின்வந்த பதிப்புக்களில் வகையைத் தெரிந்தெடுக்கும் இடம் ரிஸீவர் பக்கத்துக்கே மாற்றப்பட்டது. மாற்றம் சிறிது, பயன் பெரிது. முனைகளின் பக்கத்தில் வேறோர் இடரும் உண்டு. கணிப்பொறியுடன் பேசும் முனையையே அறியாது அணைத்துவிட்டால், பலகை பேச்சை நிறுத்திவிடும். நிரலை மீண்டும் ஏற்ற நேரிடும். இதனைப் பற்றி அப்பக்கத்தில் ஓர் எச்சரிக்கை எழுதி வைத்தனர். எச்சரிக்கை எழுதுவதினும், அச்செயலை இயலாததாகவே ஆக்கிவிடுவது மேல்.

எல்லாவற்றினும் புதியவரைச் சோர்வுறச் செய்தது வேறொன்று. பறப்பதற்குமுன் ஒரு விசையைத் தட்டி மோட்டார்களை ஆயத்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதனைப் பொழுதுபோக்காளர் ‘ஆர்ம்’ செய்தல் என்பர். யந்திரம் சரிவான தரையில் இருந்தாலோ, வேகக் கைப்பிடி அடிநிலையில் இல்லாவிட்டாலோ, ரிஸீவருக்குச் சமிக்ஞை எட்டாவிட்டாலோ, அமைப்பு மென்பொருளுடன் இன்னும் இணைந்திருந்தாலோ பலகை ஆயத்தமாக மறுக்கும். மறுப்பது நன்மைக்கே. ஆனால் ஏன் மறுக்கிறது என்று அது கூறவில்லை. பழுதற்ற பலகையைப் பழுதென்று கருதி, மீண்டும் மீண்டும் பிரித்துப் பற்றவைத்து, உண்மையிலேயே பழுதாக்கியவர் உண்டு.

2017-இல் பீட்டாஃபிளைட் நிரலில் இதற்குப் பரிகாரம் செய்யப்பட்டது. மறுப்பின் ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எண் தரப்பட்டு, பலகையிலுள்ள ஒலிப்பான் அதனை ஒலித்துக் காட்டியது. முதலில் கவனத்தை ஈர்க்க ஐந்து குற்றொலிகள். பிறகு வரும் நெட்டொலி ஒவ்வொன்றும் ஐந்து. இறுதியில் வரும் குற்றொலி ஒவ்வொன்றும் ஒன்று. ஒரு நெட்டொலியும் இரு குற்றொலிகளும் கேட்டால் ஏழாம் காரணம். பதிப்புக்குப் பதிப்பு எண்களின் பொருள் மாறியதால், உரிய அட்டவணையைத் தேடிப் பார்க்கும் தொல்லையும் சேர்ந்தது. தந்தி அலுவலகத்தில் பழகியவருக்கு இது இன்பமாய் இருந்திருக்கலாம்! அமைப்புத் திரையின் முதற்பக்கத்தில் அக்காரணம் சொல்லாகவும், சுட்டியை அதன்மேல் வைத்தால் விளக்கமாகவும் தோன்றிய பின்னரே புதியவரின் குழப்பம் நீங்கியது.

மோட்டார்ப் பக்கம் உடலுக்கே ஊறு விளைவிக்கக்கூடியது. திரையில் ஒரு கோலை மேலே தள்ளினால் மேசைமீதுள்ள மோட்டார் சுழலும். புரொபெல்லர் கழற்றப்படாதிருந்தால் யந்திரம் பாய்ந்தெழும். அதன் இறக்கை விரலை ஆழமாக வெட்டவல்லது. ஆகவே, ஆபத்தை அறிந்துகொண்டோம் என்றும் புரொபெல்லர்களைக் கழற்றிவிட்டோம் என்றும் உறுதி கூறும் விசையைத் தட்டினாலன்றி அக்கோல்கள் இயங்காதவாறு அமைத்தனர். ஆயினும் பழகிய கை அவ்விசையை வாசிக்காமலே தட்டிவிடும். ஆதலின் ஆசிரியர்கள் திரையை மட்டும் நம்பியிராமல், கழற்றிய நான்கு புரொபெல்லர்களையும் தம் மேசைமீது கொண்டுவந்து வைக்கச் செய்த பின்னரே மின்கலத்தை மாணவரிடம் கொடுப்பது நலம்.

மோட்டார்களின் எண்களும் தொல்லை தருவனவே. பீட்டாஃபிளைட்டில் பின்புற வலது மூலை 1, முன்புற வலது 2, பின்புற இடது 3, முன்புற இடது 4. ஆர்டுபைலட் என்ற மற்றொரு நிரலில் முன்புற வலது 1, பின்புற இடது 2, முன்புற இடது 3, பின்புற வலது 4. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் கம்பிகளை மாற்றி இணைத்தால், யந்திரம் தரையை விட்டெழும் கணத்திலேயே குப்புறக் கவிழும். பீட்டாஃபிளைட்டின் பிற்காலச் சாளரம் மோட்டார்களை ஒவ்வொன்றாகச் சுழற்றி, சுழல்வது எந்த மூலையில் என்று படத்தில் தொட்டுக் காட்டுமாறு கேட்கிறது. எண்ணை நினைவில் வைக்கும் பொறுப்பு மனிதனிடமிருந்து யந்திரத்துக்கு மாறிற்று. சுழலும் திசையையும் அவ்வாறே திரையில் மாற்றலாம். மோட்டாரின் மூன்று கம்பிகளுள் இரண்டை மாற்றிப் பற்றவைக்கும் வேலை, இவ்வசதியை ஏற்கும் மோட்டார்க் கட்டுப்படுத்திகளில், ஒழிந்தது.

பறப்பின் தன்மையைத் திருத்தும் எண்களைத் தனித்தனியே மாற்றாமல், சில நகர்கோல்களால் மொத்தமாக மாற்றும் வசதி 2020-இல் வந்தது. பிறர் வகுத்த அமைப்புக்களை அப்படியே ஏற்கும் வசதி 2022-இல் வந்தது. மாணவர் கோலை நகர்த்தும்போது அருகிலுள்ள எண்கள் மாறுவதையும் கவனிக்கச் செய்தல் வேண்டும். இல்லையேல் பறப்பது யந்திரம் மட்டுமே, அறிவு தரையிலேயே இருக்கும்.

இம்மென்பொருளை ஆக்குவோர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர். மூலநிரலை எவரும் காணலாம். எங்கே மனிதர் தடுமாறுகின்றனர் என்ற செய்தி அவர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை. வகுப்பறையில் அதனை எளிதாகத் திரட்டலாம். முன்பின் பழகாத மாணவர் ஒருவரைத் திரையின்முன் அமர்த்தி, ‘ரிஸீவர் இயங்குமாறு செய்’ என்று மட்டும் சொல்லி, உதவாமல் அருகிலிருந்து, கை எங்கே நின்றது, எச்சொல்லை இருமுறை படித்தார், எப்பக்கத்துக்குத் தவறிச் சென்றார் என்று எழுதிக்கொண்டால் போதும். நாலைந்து மாணவரிடம் இதனைச் செய்வதற்குள் ஒரே இடத்தில் பலரும் நிற்பது புலப்படும். அவ்விடத்தையும் நிரலின் பதிப்பு எண்ணையும் குறித்து ஆக்குவோருக்கு எழுதலாம். திரையில் தோன்றும் சொற்கள் யாவும் நிரலினின்று பிரித்துத் தனிக் கோப்பில் வைக்கப்பட்டிருப்பதால், நிரல் எழுத அறியாத மொழியாசிரியரும் அவற்றைத் தம் மொழியில் பெயர்த்து அனுப்ப இயலும்.