கிணற்றில் பெட்ரோல் வாடை வந்தால்...

இந்தக் கோடையில் லால்குடி பக்கத்து எங்கள் கிணற்றுத் தண்ணீரில் லேசாக எண்ணெய் வாடை. "பங்க்லேர்ந்துதான் சார் இறங்குது" என்றார் பக்கத்து வாழைக்காரர். இருக்கலாம். ஆனா வவுச்சர் இல்லாம பற்று எழுதிப் பழக்கமில்லை எனக்கு. முதலில் சொந்த மோட்டார் கொட்டகை டீசல் கேனைத்தான் பார்த்தேன். அது ஒழுகவில்லை.

இது லேசான விஷயமில்லை. 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. பூமிக்கடியில் போன பாரத் பெட்ரோலியம் குழாயின் கசிவு அது. பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு.

பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் கரையும். பென்சீன் புற்றுநோய் தருவது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு. அதாவது 1 கிராம் பென்சீனே 1 லட்சம் லிட்டரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும்.

வழக்கமான உப்பு, கார அமிலப் பரிசோதனையில் இது தெரியாது. பென்சீன், டொலுவீன், சைலீன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் காற்றிடம் இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் பென்சீன் ஆவியாகிவிடும்.

பங்க்கில் தொட்டிக்குள் அளவுகோல் விட்டு இருப்பு எழுதுவார்கள். வரவு, விற்பனை, இருப்பு தொடர்ந்து இடித்தால் அதுவே சாட்சி. அந்தப் பதிவேட்டைச் சரிபார்க்கக் கோரி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்திருக்கிறேன்.

ஆய்வறிக்கை வரும்வரை அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சவில்லை. நாற்று வாடுது, இருந்தாலும் இயற்கை அரிசி என்று சொல்லி விற்பவன் நான்தானே.