கழுத்துக்குக் கத்தியா, ஸ்டென்ட்டா?

மார்கழிக் குளிரில் டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திரில் தரிசனம் முடித்து, இஞ்சி டீக்கு ஒதுங்கினோம். நண்பருக்கு வயது 74. "போன வாரம் வலது கண்ணுல திரை இறங்கின மாதிரி இருட்டு சார். அஞ்சு நிமிஷத்துல சரியாப் போச்சு." டாப்ளர் ஸ்கேனில் வலப்பக்கக் கரோட்டிட் தமனியில், அதாவது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக்குழாயில், 80 சதவீத அடைப்பு. "தொடை வழியா ஸ்டென்ட் வெச்சுக்கலாமே, கழுத்தை எதுக்கு அறுக்கணும்?"

டீக்கடைக்காரர் கையிலிருந்த வடிகட்டியைக் காட்டினேன். ஸ்டென்ட் வைக்கும்போது உதிரும் துகள் மூளைக்குப் போகாமலிருக்க, அடைப்புக்கு அப்பால் இப்படியொரு குட்டி வடிகட்டியை விரிப்பதுண்டு. ஆனால் அது அங்கே போய்ச் சேர, கம்பி பெருந்தமனி வளைவைத் தாண்டி, அடைப்புக்குள்ளேயே நுழைந்தாக வேண்டும். வயதானவர்களுக்கு அந்த வளைவு கோணி, சுண்ணாம்பு படிந்திருக்கும். அடைப்போ இன்னும் ஆறாத புண். வடிகட்டி விரியும் முன்பே உரசல் பட்டு உதிரலாம். அறுவையில் குழாயை இடுக்கி போட்டு மூடிய பிறகே திறந்து, படிவை உரித்தெடுத்துத் தைக்கிறார்கள். சிலருக்குக் குரல் கம்மலாம், நாக்கு கோணலாம், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டு சிகிச்சைகளையும் ஒப்பிட்டு 2010இல் வந்த கிரெஸ்ட் ஆய்வில் 2,502 பேர். சிகிச்சையை ஒட்டி வந்த பக்கவாதம் ஸ்டென்ட்டில் 4.1 சதவீதம், அறுவையில் 2.3. மாரடைப்பு தலைகீழ்: 1.1, 2.3. இதயம் பலவீனமானவருக்கும், புற்றுநோய்க்காகக் கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவருக்கும் ஸ்டென்ட்டே பொருந்தலாம். இவருக்கு அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. என் ஓட்டு கத்திக்கு.

"சரி, தை பிறக்கட்டும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தகைய அறிகுறிக்குப் பின் முதல் இரண்டு வாரம்தான் ஆபத்தும், அறுவையின் பலனும் உச்சத்தில் இருக்கும் காலம். அதில் ஒரு வாரத்தை ஏற்கெனவே விட்டுவிட்டார். 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், அறிகுறி கண்டு, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பிருந்து, மருந்தோடு நின்றவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டே ஆண்டில் அதே பக்கப் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 9 பேருக்கு.

டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை கேஸ் செய்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது? நூற்றுக்கு ஆறைத் தாண்டினால் வேறு இடம் பாருங்கள். ஒரு கண் திடீரென்று இருண்டு தெளிந்தால் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.