அஞ்சு ரூபாய் காசுக்குப் பத்து லட்சமா?

"பழைய அஞ்சு ரூபாய் நாணயம் இருக்கா? உங்களுக்குப் பத்து லட்சம்!" இப்படி ஒரு வீடியோ செல்போனில் வராத நாளே இல்லை. ஒரு நாள் வைஷ்ணோ தேவி படம் போட்ட காசு, மறுநாள் இந்திரா காந்தி காசு, அதற்கடுத்த நாள் 786 நம்பர் நோட்டு. மதியச் சாப்பாடு முடிந்து சற்றே உட்காரும் நேரத்தில் இதைப் பார்த்துவிட்டு, சாமி உண்டியலைக் கொட்டிப் பார்க்காத பெண்கள் எங்கள் தெருவில் குறைவு.

வைஷ்ணோ தேவி காசு 2012-ம் வருடம் போட்டது. கடையில் கொடுத்து வாங்குவதற்காக அரசாங்கமே வெளியிட்டது. பஸ் கண்டக்டர் சில்லறையாகக் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை. "வருடத்துக்குக் கீழே ஸ்டார் இருந்தால் அபூர்வம்" என்கிறார்கள். ஸ்டார் என்றால் ஹைதராபாத்தில் அடித்தது, டைமண்ட் என்றால் மும்பை, புள்ளி என்றால் நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. அவ்வளவுதான் விஷயம். நாலணா 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போனது உண்மைதான். ஆனால் எந்த வீட்டு டப்பாவில் அது இல்லை?

அப்படியென்றால் லட்ச ரூபாய் விலை எங்கிருந்து வருகிறது? இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் விலை போட்டு வைக்கலாம். பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்கு மீன்காரம்மா முதலில் சொல்வது ஒரு விலை, நாம் பேரம் பேசி வாங்குவது வேறு விலை. அந்தம்மாவாவது மீனைக் காட்டி, எடை போட்டுக் கொடுக்கிறார். இங்கே லட்சம் என்று போட்டதை ஒருவரும் வாங்கியிருக்க மாட்டார். ஆனால் அதைப் பார்த்து இன்னொருவர் "லட்சத்துக்கு விற்றுப் போச்சு" என்று வீடியோ போடுகிறார். ஏலம் என்று போட்டிருந்தாலும் ஆரம்ப விலையைப் பார்த்து மயங்காதீர்கள். யாராவது கேட்டார்களா, கடைசியில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள்.

பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் இப்படித்தான் காசைப் போட்டோ எடுத்துப் போட்டார். மறுநாளே போன். "மேடம், உங்க காசு ஒன்பது லட்சத்துக்குப் போயிடுச்சு." அசோகச் சக்கர முத்திரையோடு ரிசர்வ் வங்கி சர்ட்டிபிகேட் என்று ஒரு காகிதமும் வந்தது. முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் இன்சூரன்ஸ் என்று நாலு தடவையாகப் பதினெட்டாயிரம் போனது. சீட்டு எடுத்த பணம், வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஐந்தாவது தடவைக்குக் கம்மலை அடகு வைக்கக் கிளம்பியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பழைய காசு, நோட்டு விற்கிற வேலையில் நாங்கள் இல்லை, அதற்குக் கமிஷனோ கட்டணமோ கேட்பதில்லை, எங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. விற்கிறவரிடமே பணம் கேட்டால் அது வியாபாரமே இல்லை என்று அங்கேயே போனை வைத்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் வங்கிக் கணக்கில் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. வீட்டில் திட்டுவார்களே என்று அந்த அக்கா நாலு நாள் கழித்துத்தான் செய்தார்.

வாங்குகிறவர்களை ஏமாற்றுவது தனிக் கதை. ராமர் பட்டாபிஷேகம், அனுமார் எல்லாம் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி 1616, 1818 என்று செம்புக் காசு விற்கிறார்கள். அரிசியை இழுக்கும் என்றும் கதை கட்டுகிறார்கள். கம்பெனி இப்படி ராமர் பட்டாபிஷேகம், அனுமார் போட்டுச் செம்புக் காசே அடித்ததில்லை. சிலதில் 'யுகே' என்று வேறு இருக்கிறது. அந்த நாட்டுக்கு யுனைடெட் கிங்டம் என்று பெயர் வந்ததே 1801-ல்! விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய் என்றால் 11.66 கிராம் இருக்கும், காந்தம் ஒட்டாது. தேய்ந்திருந்தால் எடை கொஞ்சம் குறையும். 1947-ம் வருட ரூபாயில் காந்தம் ஒட்டினால் பயப்பட வேண்டாம், அது நிக்கல்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. "பாண்டிச்சேரி பிரெஞ்சு வெள்ளி நாணயம், மிக அரிது" என்று பெரிய காசாகப் போடுகிறார்கள். சுற்றியுள்ள எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'இந்தோஷீன்' என்று வரும். அது வியட்நாம் பக்கம் புழங்கிய பியாஸ்தர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கென்று அடித்தது காசு, துட்டு, பணம். நம் துட்டைத்தான் அவர்கள் 'தூதூ' என்றும், பணத்தை 'ஃபனோன்' என்றும் எழுதினார்கள். பழைய செம்புத் துட்டில் ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழிலேயே புதுச்சேரி என்று இருக்கும். தாத்தா சைகோனில் வேலை பார்த்துக் கொண்டு வந்த பியாஸ்தர் என்றால் அப்படியே எழுதி விற்கட்டுமே. அதுவும் நல்ல வெள்ளிதான், அதற்கும் வாங்க ஆள் இருக்கிறது.

— ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி