சின்ன எஞ்சின் ஏன் சறுக்குகிறது?

பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடி கொய்யாப் பழத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாமா விடுமுறையில் வருகிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மருமகனுக்கு ஒரு பெட்டி கொண்டுவருகிறார். பிரித்துப் பார்த்தால், புதிதாக விற்பனைக்கு வந்துள்ள மாதிரி நீராவி எஞ்சின் ஒன்று! மின்சாரத்தில் ஓடும் பொம்மை அல்ல இது. செம்பால் செய்த சிறு கொதிகலனில் உண்மையாகவே தண்ணீர் கொதிக்கிறது. உண்மையான நீராவிதான் பிஸ்டனைத் தள்ளுகிறது. விலையைக் கேட்ட பாட்டி, "இந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு பிடிச்சிருக்கலாமே!" என்று கன்னத்தில் கைவைத்துக் கொள்கிறார்.

மொட்டை மாடியில் தண்டவாளம் பூட்டியாயிற்று. எஞ்சின் தனியாகப் பறக்கிறது. ஆறு பெட்டிகளை மாட்டினாலும் சமதரையில் ஓடுகிறது. செங்கல் துண்டுகளை அடுக்கி, ஒரு மீட்டருக்கு 5 செ.மீ. உயரும்படி மேடு அமைத்தவுடன் வந்தது வினை. சக்கரங்கள் 'கிர்' என்று சுழல்கின்றன. வண்டியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

"மாமா, நீராவிக்குப் பலம் பத்தலை. இந்தக் காப்பு வால்வு திருகை ரெண்டு சுத்து இறுக்கிட்டா அழுத்தம் ஏறும். எஞ்சின் இழுத்துடும்!" என்கிறான் பையன்.

"இரு மாப்பிள்ளை, அதுல கை வைக்காதே. முதல்ல கணக்குப் போடு" என்கிறார் மாமா.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம்.

எஞ்சினின் பலம் எவ்வளவு?

இந்த எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டமும் 1.4 செ.மீ. பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம் 1.6 செ.மீ. சக்கரத்தின் விட்டம் 4 செ.மீ. நீராவியின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 2.8 கிலோ. இந்த அழுத்தத்தைத் தாண்டினால் காப்பு வால்வு தானாகத் திறந்து நீராவியை வெளியே விட்டுவிடும்.

பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 1.54 சதுர செ.மீ. அதன்மேல் விழும் விசை 1.54 × 2.8 = 4.3 கிலோ. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னும் தள்ளப்படுகிறது. இரண்டு பிஸ்டன்களுக்கும் சேர்த்து நான்கு தள்ளல்கள். செய்யப்படும் வேலை 4 × 4.3 × 1.6 = 27.5 கிலோ-செ.மீ. அந்த ஒரு சுற்றில் எஞ்சின் நகரும் தூரம், சக்கரத்தின் சுற்றளவான 12.6 செ.மீ. வேலையைத் தூரத்தால் வகுத்தால் இழுவிசை ஏறத்தாழ 2.2 கிலோ. குழாய்களிலும் உராய்விலும் பாதி வீணாகிறது என்றே கொள்வோம். அப்போதும் 1.1 கிலோ மிஞ்சும்.

தேவை எவ்வளவு? எஞ்சினின் எடை 3 கிலோ, பெட்டிகளின் எடை 6 கிலோ. மொத்தம் 9 கிலோ. இருபதுக்கு ஒன்று என்ற மேட்டில் ஏற, எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.45 கிலோ விசை வேண்டும். அச்சுகளின் உராய்வுக்கு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, 0.18 கிலோ. ஆகத் தேவை 0.63 கிலோதான். எஞ்சினிடம் இருப்பதோ 1.1 கிலோ. பலம் குறைவு என்று பையன் நினைத்தது தவறு!

அப்படியானால் குறை எங்கே? தண்டவாளத்தைச் சக்கரம் பற்றிக்கொள்ளும் பிடிமானத்தில். வழவழப்பான உலோகச் சக்கரம், தன்மேல் உள்ள எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விசையைத்தான் சறுக்காமல் தரும். 3 கிலோ எடைக்குப் பிடிமானம் 0.6 கிலோ. தேவையோ 0.63. அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. அழுத்தத்தைக் கூட்டினால் சக்கரம் இன்னும் வேகமாகச் சறுக்குமே தவிர, வண்டி ஓர் அங்குலமும் ஏறாது.

சரியான மாற்றம் மிக எளியது. எஞ்சினின் பக்கத் தொட்டிகளுக்குள் ஒரு கிலோ ஈயக் கட்டிகளை வைத்தால் போதும். எடை 4 கிலோ; பிடிமானம் 0.8 கிலோ. மொத்தம் 10 கிலோவை ஏற்றத் தேவையான விசை 0.5 + 0.2 = 0.7 கிலோ. வண்டி ஏறிவிடும்!

சுருக்கினால் எல்லாம் ஒன்றுபோல் சுருங்குமா?

பெரிய எஞ்சினைச் செய்தவர்கள் பலத்தையும் எடையையும் பொருத்தமாக அமைத்தார்களே, அதையே சிறிதாக்கினால் ஏன் இந்தத் தொல்லை?

திண்டுக்கல்–பழனி ரயில் பாதை 2012இல் அகலப் பாதையாவதற்கு முன் மீட்டர் பாதையாக இருந்தது. மீட்டர் பாதையில் ஒரு காலத்தில் ஓடிய 'ஒய்.பி.' வகை எஞ்சின், நிலக்கரி வண்டியோடு சேர்த்து ஏறத்தாழ 100 டன் எடையும் 19 மீட்டர் நீளமும் உடையது. 1968இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நிறுவனம் ஒன்று பரவலாக்கிய 45 மி.மீ. மாதிரித் தண்டவாளம், மீட்டர் பாதையை 22.5இல் ஒரு பங்காகச் சுருக்கியதற்குச் சமம். அதே விகிதத்தில் 'ஒய்.பி.'யைச் சுருக்கினால் நீளம் 84 செ.மீ. ஆகும்.

பிஸ்டனின் பரப்போ 22.5 × 22.5, அதாவது ஏறத்தாழ 506இல் ஒரு பங்காகும். எடை 22.5 × 22.5 × 22.5, அதாவது ஏறத்தாழ 11,390இல் ஒரு பங்காகும். நூறு டன் எஞ்சின் ஒன்பது கிலோவுக்கும் குறைந்துவிடும். அழுத்தம் மாறாதிருந்தால், தள்ளும் விசை 506 மடங்கு குறைய, எடை 11,390 மடங்கு குறைகிறது. அதாவது எடையோடு ஒப்பிட, மாதிரியின் பலம் 22.5 மடங்கு கூடிவிடுகிறது! 'ஒய்.பி.'யின் கொதிகலன் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 14.8 கிலோ. மாதிரியில் 2.8 கிலோ மட்டுமே வைத்தும் அது நான்கு மடங்கு மிகைப் பலத்தோடு இருக்கிறது. எறும்பு தன் எடையைவிடப் பன்மடங்கு சுமையைத் தூக்குவதும், யானையால் அது முடியாததும் இதே விதியால்தான்.

வெப்பத்திலும் இந்த விதி வேலை செய்கிறது. கொதிகலனின் கன அளவு குறையும் வேகத்துக்கு அதன் மேற்பரப்பு குறைவதில்லை. ஆகவே உள்ளிருக்கும் தண்ணீரின் அளவோடு ஒப்பிட, சின்னக் கொதிகலன் 22.5 மடங்கு அதிகப் பரப்பின் வழியே வெப்பத்தை இழக்கிறது. அதன்மேல் மெல்லிய மரப்பட்டிகளைச் சுற்றிக் கட்டுவது பயனுள்ள இன்னொரு மாற்றம்.

தொடக்கூடாத திருகு

இனி அந்தக் காப்பு வால்வுக்கு வருவோம். கொதிகலனில் 300 மி.லி. தண்ணீர் இருக்கிறது. சதுர செ.மீ.க்கு 2.8 கிலோ அழுத்தத்தில் அது கொதிப்பது 100 டிகிரியில் அல்ல; ஏறத்தாழ 142 டிகிரியில். கொதிகலன் பிளந்தால், அந்த மிகை வெப்பத்தில் ஏறத்தாழ 23 கிராம் தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகும். 23 கிராம்தானே என்று எண்ணவேண்டாம். ஆவியாகும்போது அது ஏறத்தாழ 39 லிட்டர் இடத்தை அடைக்கும். இரண்டு குடம் நிறையக் கொதிநீராவி ஒரு நொடிக்குள் முகத்துக்கு நேரே!

மேலும், வெப்பநிலை 142இலிருந்து இன்னும் 42 டிகிரி ஏறினால் அழுத்தம் 2.8இலிருந்து 10 கிலோவாகிவிடும். சூடு மெல்ல ஏற, அழுத்தம் தாவி ஏறும் என்பதே நீராவியின் குணம். இறுக்கிய இரண்டு சுற்று எங்கே கொண்டுபோய் விடும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

இதை உலகம் கடுமையான விலை கொடுத்துக் கற்றது. 1803இல் இங்கிலாந்தின் கிரீனிச் நகரில், ரிச்சர்ட் டிரெவிதிக் செய்த எஞ்சின் ஒன்றின் கொதிகலன் வெடித்து நான்கு பேர் இறந்தனர். நீராவி வெளியேற வழியின்றி எஞ்சினை நிறுத்தி வைத்ததே காரணம். அதன்பின் அவர் தம் கொதிகலன்களில் இரண்டு காப்பு வால்வுகளைப் பொருத்தினார். தண்ணீர் வற்றினால் உருகி நீராவியை வெளிவிடும் ஈய அடைப்பு ஒன்றையும் சேர்த்தார். இந்தியச் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கொதிகலன்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே மாதிரி எஞ்சினுக்கு அதன் சொந்தக்காரரே ஆய்வாளர்.

ஈயப் பற்றாசு 190 டிகிரிக்குள் உருகிவிடும். ஆகவே கொதிகலனில் ஒழுக்கு கண்டால் அதை வைத்து அடைக்கக்கூடாது. நகைக்குப் பொடி வைத்து ஊதுவதுபோல், 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசால் தேர்ந்த கைகள்தான் பற்றவைக்க வேண்டும். அதன்பின் கொதிகலன் முழுவதும் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். நீர் அமுங்காது, ஆகவே பிளந்தாலும் சிதறாது, ஒழுகி நின்றுவிடும். காற்றை அடைத்துச் சோதிப்பது ஆபத்து.

நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு மிகுந்தது. அது கொதிகலனுக்குள் சுண்ணாம்புப் படிவை உண்டாக்கும்; காப்பு வால்வையே அடைத்துவிடவும் கூடும். வடிகட்டிய மழைநீரே நல்லது.

பெரிய எஞ்சினுக்கும் இதே பாடம்

பிடிமானத் தொல்லை மாதிரிக்கு மட்டும் உரியதல்ல. நீலகிரி மலை ரயில், கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறத்தாழ பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் ஏறுகிறது. அங்கும் பொறியாளர்கள் அழுத்தத்தைக் கூட்டி அதைச் சமாளிக்கவில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டவாளம் பதித்து, எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்தார்கள்.

அந்த மலைப் பாதைக்குத் திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டிலும் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டித் தந்திருக்கிறது. 2011 முதல் எண்ணெயில் எரியும் எஞ்சின்கள் வந்தன. 2021இல் நிலக்கரியில் எரியும் எஞ்சின் ஒன்றும் வெளிவந்தது. எரிபொருளை மாற்றுவதென்றால் அடுப்பை மட்டும் மாற்றினால் போதாது. நிலக்கரிக்கு அடியிலிருந்து காற்று வர இரும்புச் சட்டங்கள் வேண்டும். எண்ணெய்க்கு அதைத் தூவும் குழலும், சுவாலையின் சூட்டைத் தாங்கும் செங்கற்களும் வேண்டும். ஒன்றை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

ஆயக்குடி மாடியில் ஈயக் கட்டிகளை வைத்தாயிற்று. ஆறு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு எஞ்சின் செங்கல் மேட்டில் ஏறுகிறது. காப்பு வால்வின் திருகு, தொழிற்சாலையில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. சொந்தமாக ஓர் இயந்திரம் கிடைத்தால் அதை மாற்றிப் பார்க்கும் ஆசை யாருக்கும் எழும், எழவும் வேண்டும். திருப்புளியை எடுக்குமுன் பென்சிலை எடுங்கள். குறை எங்கே என்பதைக் கணக்கு காட்டிக்கொடுக்கும்.