காலுக்கு ஏற்ற தோல் பூட்ஸ்

"குதிகாலெல்லாம் பித்தவெடிப்பு டாக்டர். ஏதாவது களிம்பு கொடுங்க" என்றபடி என் வைத்தியசாலைக்கு வந்தார் அந்தப் பெரியவர். சேக்காட்டுக்காரர், அறுபத்திரண்டு வயது. ஆவடிப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாகச் சர்க்கரை. தினமும் காலையில் ஏரிப் பக்கம் ஒரு மணி நேரம் நடப்பவர். குங்கிலிய வெண்ணெய் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து மனைவியோடு வந்தார். "வெடிப்பு பரவாயில்லீங்க. ஆனா சாக்ஸுல ரத்தக்கறை. கேட்டா வலியே இல்லைங்கறாரு" என்றார் அந்த அம்மா.

சுண்டுவிரல் ஓரத்தில் நாலணா அளவுக்குப் புண்! வாசலில் அவர் கழற்றி விட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வேலைக்குப் போட்டுப்போன பழைய பூட்ஸ், முனையில் இரும்புத் தொப்பி வைத்தது. "தோல் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீணாக்கணும்னு நடைக்குப் போட்டுக்கிட்டேன்" என்றார். முதல் நாளே நான் கவனித்திருக்க வேண்டும். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், பூட்ஸைப் பார்க்கவில்லை. அன்றைக்கே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அனுப்பினேன். புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. விரல் தப்பியது.

கனமான பொருள் விழுந்தால் விரலைக் காப்பதற்காக வைத்தது இரும்புத் தொப்பி. தோல் நாளடைவில் காலுக்கேற்ப இளகிக் கொடுக்கும், இரும்பு கொடுக்காது. நல்ல காலாக இருந்தால் வலித்து, மறுநாளே கழற்றிப் போட்டிருப்பார். நாள்பட்ட மதுமேகத்தில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிடுகிறது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதைத்தான்: வலி தெரியாததால்தான் கால் புண்ணாகிறது.

அதற்காக நடையை விட வேண்டுமா? வேண்டாம். நல்ல பூட்ஸ் வாங்குங்கள். அதற்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் வெளிநாடுகளுக்குத் தோல் பொருள் அனுப்புகிற ஊர்கள். சென்னையில் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே பெரியமேடு இருக்கிறது. தோல் கடைகளும் ஷூ கடைகளும் வரிசையாக உண்டு. ஆவடியிலிருந்து ஒரு ரயில் தூரம். கொஞ்சம் பேரம் பேசத் தெரிந்திருந்தால் போதும்.

சாயங்காலமாகப் போங்கள். பகலெல்லாம் நின்று நடந்ததில் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருக்கும் பூட்ஸ் மாலையில் பிடிக்கும். நடக்கும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு, எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது. இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பதில்லை. பெரிய காலுக்குப் பார்த்து வாங்குங்கள். கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். தையல் முடிச்சு, ஆணி முனை தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கயிறு கட்டும் பூட்ஸாக இருந்தால் வீக்கத்துக்குத் தகுந்தபடி தளர்த்திக்கொள்ளலாம். அடிப்பாகம் தைத்ததா, வெறுமே ஒட்டியதா என்று கேளுங்கள். தைத்தது என்றால் தேய்ந்த பிறகு வேறு அடி போட்டுத் தர நம் தெருமுனைத் தொழிலாளியே போதும்.

தோலா ரெக்ஸினா? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோலில் நார் நாராகத் தெரியும். ரெக்ஸினில் துணி எட்டிப் பார்க்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒரு வேடிக்கை. எங்கள் மருந்துப் பெட்டியில் இருக்கும் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தோல் பதனிடும் தொட்டியிலும் இருந்தவைதான். இரண்டு இடத்திலும் வேலை செய்வது துவர்ப்பு! இப்போது பூட்ஸின் மேல்தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது.

எப்படிப் பதனிட்ட தோலானாலும் அதற்கு எதிரி இரண்டு: ஈரம், வெயில். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்ததை மொட்டை மாடியில் காய வைக்கிறோம். தோல் விறைத்து, மடிகிற இடத்தில் வெடித்து, அந்த விளிம்பே காலைக் கடிக்கும். ஈரத் துணியால் சேற்றைத் துடைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். காகிதம் நனைய நனைய மாற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூசணம்தான். மாதம் ஒரு முறை நாலைந்து சொட்டு விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு மடிப்புகளில் தேய்த்து, மறுநாள் துடைத்துவிட்டுப் பாலீஷ் போடுங்கள். கிராமத்தில் தோல் செருப்புக்கு எண்ணெய் போடுவார்களே, அதேதான். அதிகம் வேண்டாம், தோல் தொளதொளத்துப் போகும். சொரசொரப்பான தோலுக்கு எண்ணெயே ஆகாது. ஒரே பூட்ஸை நாள் தவறாமல் போட்டால் வியர்வை காய நேரம் இருக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கான்வாஸ் போடுங்கள்.

புது பூட்ஸோடு முதல் நாளே ஏரியைச் சுற்றக் கிளம்ப வேண்டாம். வீட்டுக்குள் அரை மணி. கழற்றிப் பாதம் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்து, நாளுக்கு நாள் கூட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் போடுமுன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுங்கள். சின்னக் கல்லே போதும். இரவில் கால் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். அங்கே எண்ணெய் தடவாதீர்கள். குனிய முடியாதவர்கள் பாதத்தடியில் கண்ணாடி பிடித்துப் பார்க்கலாம்.

உணர்ச்சி அறவே போனவர்களும், ஒரு முறை புண் வந்து ஆறியவர்களும் கடையில் ரெடிமேட் பூட்ஸ் வாங்குவதை விட்டுவிடுங்கள். மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் வைத்து அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள். நம் பெரியவரும் இப்போது அப்படித்தான் நடக்கிறார்.